காது உன்னுடையது, காசும் உன்னுடையது

காசு கொடுத்து வாங்கப் போகிறவன் எதற்காகத் தம்பி கைகட்டி நிற்க வேண்டும்?

கண்ணாடிக் கதவைத் தள்ளி அந்தக் குளிர்ந்த ஷோரூமுக்குள் கால் வைத்த நொடியில் உன் முதுகு ஏன் வளைகிறது? சுவர் முழுக்க டிவி. நடுவில் கறுப்புக் கோபுரங்களாக ஸ்பீக்கர்கள். டை கட்டிய பையன் வந்து, "சார், டால்பி அட்மாஸ், 5.1.2, ஈஆர்க் சப்போர்ட், ஆயிரத்து இருநூறு வாட்ஸ்" என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கிறான். உனக்கு எதுவும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வாய் எழவில்லை. தலையாட்டுகிறாய். அந்தத் தலையாட்டலுக்குப் பெயர்தான் இருபத்துநான்கு மாதத் தவணை.

நிமிர்ந்து நில்! நம் அம்மாக்கள் புடவைக் கடையில் எப்படி உட்காருவார்கள் என்று பார்த்திருக்கிறாய் அல்லவா? அலமாரியையே காலி செய்ய வைப்பார்கள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிறம் பார்ப்பார்கள். சரிகையைத் திருப்பிப் பார்ப்பார்கள். மனசுக்குப் பிடிக்கவில்லையென்றால் துளிக் கூச்சமில்லாமல் படியிறங்கிப் போவார்கள். அந்தத் துணிச்சலில் பிறந்தவன் நீ. பிளக் சொருகி ஓட்டுகிற பொருள் என்றதும் அது எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

"எனக்கு சவுண்டைப் பத்தி என்ன சார் தெரியும்?" என்கிறாய். தெரியும்! டால்பி ஸ்டீரியோ எஸ்ஆர் ஒலியோடு வந்த முதல் இந்தியப் படம் 1995இல் வெளியான 'குருதிப்புனல்'. டால்பி அட்மாஸில் வந்த முதல் இந்தியப் படம் 2012 டிசம்பரில் வெளியான 'சிவாஜி 3டி'. இரண்டும் உன் மொழிப் படங்கள். டீக்கடை ஸ்பீக்கரில் கூம்பு கிழிந்திருப்பதைப் பாட்டின் முதல் வரியிலேயே கண்டுபிடிக்கிறவன் நீ. கோயில் திருவிழாவில் தவில் எந்தத் தெருவில் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிறவன் நீ. காது எப்போதோ தயார். தயாராகாதது வாய்தான். கேள்வி கேட்கப் பழக்கு அதை.

முதல் கேள்வி வாட்ஸைப் பற்றி இருக்கட்டும், ஏனென்றால் பொய் அதிகம் வாழ்வது அங்கேதான். மலிவுப் பெட்டியின் முன்பக்கத்தில் தங்க எழுத்தில் 10,000 வாட்ஸ் பிஎம்பிஓ என்று அச்சடித்திருப்பார்கள். மயங்காதே, பின்பக்கம் திருப்பு. மின்சாரம் எவ்வளவு இழுக்கும் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அது 50 வாட்ஸ் என்றால், 50 வாங்குகிற பெட்டி பத்தாயிரத்தை எங்கிருந்து கொடுக்கும்? வாங்குவதைவிட அதிகமாகத் தொடர்ந்து கொடுக்கும் இயந்திரத்தை இந்த உலகில் இதுவரை யாரும் செய்ததில்லை. செய்திருந்தால் நெய்வேலியில் எதற்குச் சுரங்கம் தோண்ட வேண்டும்?

பிஎம்பிஓ என்பது எந்த ஒழுங்கான அளவுமுறைக்கும் கட்டுப்படாத விளம்பர எண். தொடர்ந்து எவ்வளவு கொடுக்கும் என்று சொல்வது ஆர்எம்எஸ். சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர் பொருத்தி, வீட்டிலேயே ஆம்ப் அசெம்பிள் செய்யும் பையன்களிடம் இதைக் கேட்டுப் பார், ஒலியைப் பெருக்கும் 4440 ஐசியைக் கையில் எடுத்துக் காட்டிச் சிரிப்பார்கள். அதை பிரிட்ஜ் முறையில் இணைத்தால் கிடைப்பது சுமார் 19 வாட்ஸ். அந்த ஐசியைக் குறை சொல்ல மாட்டேன், அது நல்ல உழைப்பாளி. எத்தனையோ வீடுகளில் பாட்டுச் சத்தம் அதிலிருந்துதான் வந்தது. பொய் சொன்னது ஐசி இல்லை, அட்டைப்பெட்டி.

ஆர்எம்எஸ் எண்ணே சொன்னாலும் அடங்கிவிடாதே. வாட்ஸ் இரு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். உன் காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். 80 வாட்ஸ் மாடலிலிருந்து 100 வாட்ஸ் மாடலுக்கு ஏறச் சொல்லிச் சில ஆயிரங்கள் கூடுதலாகக் கேட்டால், நீ வாங்குவது ஒரே ஒரு டெசிபல். அதைக் கண்டுபிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதற்குப் பதிலாக ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்கு அது தரும் சத்தம், என்ன என்று கேள். 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் கொடுத்தால் வருகிற சத்தம், 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸிலேயே வந்துவிடும். இந்தக் கேள்வியைக் கேட்டதும் எதிரே நிற்பவனின் குரல் மாறுவதைக் கவனி. அவன் மீது எனக்குக் கோபமில்லை, அவனுக்கு மாத டார்கெட் இருக்கிறது. ஆனால் அவன் டார்கெட்டை நிரப்புவது உன் கடமையில்லை!

தங்கையே, உனக்குத் தனியாகச் சொல்கிறேன். நீ உன் சம்பளத்தில் வாங்கப் போய் நிற்பாய். "சாரையும் கூட்டிட்டு வாங்க மேடம், அவர்தான் டெக்னிக்கலா பார்ப்பார்" என்று ஒரு குரல் வரும். கூனிக் குறுகாதே, சண்டையும் போடாதே. "இந்த ஸ்பீக்கர் எத்தனை ஓம்? இந்த ஆம்ப் அதைத் தாங்குமா?" என்று மட்டும் கேள். பதில் வரவில்லையென்றால், யாரைக் கூட்டிவர வேண்டும் என்று அவர்களே மேனேஜர் அறைப் பக்கம் போவார்கள்.

கண்ணை நம்பாதே என்று நான் சொல்வது தத்துவமில்லை, சோதித்துப் பார்த்த உண்மை. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஆண்டுக்கணக்காக ஒலிபெருக்கிகளை அளந்தவர் ஃப்ளாய்ட் டூல். பின்னர் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவுடன் சேர்ந்து 1994இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரே ஸ்பீக்கர்களை முதலில் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்தும், பிறகு கண்ணெதிரே வைத்தும் கேட்க வைத்தார்கள். கண்ணுக்குத் தெரிந்ததும் பெரிய, விலை கூடிய பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. சின்ன, மலிவான பெட்டிக்கு இறங்கியது. ஒலி மாறவில்லை, பார்வை மட்டும்தான் குறுக்கே வந்தது. இத்தனைக்கும் மதிப்பெண் போட்டவர்கள் ஒலித்தொழிலிலேயே சம்பளம் வாங்குகிறவர்கள். பின்னாளில் ஆலிவ் செய்த சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது: மறைத்துவைத்துக் கேட்டால், பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் பெரும்பாலும் ஒரே ஸ்பீக்கரைத்தான் விரும்புகிறார்கள். பயிற்சி பெற்றவர் சீக்கிரமாக, உறுதியாகச் சொல்லுகிறார், அவ்வளவே. உன் காதைத் தாழ்வாக நினைக்க உனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

ஆகவே கடையில் கண்ணை மூடு. வெட்கப்படாதே, மூடு! உனக்கு மனப்பாடமான மூன்று பாட்டை பென்டிரைவில் எடுத்துப் போ. ஒன்றில் பெண் குரல் தனியாக ஒலிக்க வேண்டும், ஒன்றில் தோல்கருவி அதிர வேண்டும், ஒன்றில் கருவிகள் நெரிசலாக இருக்க வேண்டும். அவர்கள் போடுகிற டெமோ வீடியோவை நிறுத்தச் சொல். எந்தப் பெட்டியும் நல்ல பெட்டியாகக் கேட்கும்படி செய்யப்பட்டது அது. இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார். கொஞ்சம் கூடுதல் சத்தம் வருவதைத்தான் நம் மூளை 'நல்ல சவுண்ட்' என்று எடுத்துக்கொள்ளும். ரிமோட்டில் ஒரு புள்ளி ஏற்றிவிட்டு விலை கூடிய மாடலைப் போட்டுக் காட்டுவது பழைய வித்தை.

இப்போது வீட்டுக்கு வா. கருவி வாங்கும் முன் பார்க்க வேண்டிய பெரிய கருவி அங்கேதான் இருக்கிறது: உன் அறை.

1895இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் புதிய விரிவுரை அரங்கம் பயனற்றுக் கிடந்தது. பேசிய சொல் ஐந்து நொடிக்கு மேல் சுவர்களில் மோதித் திரிந்தது. அடுத்த சொல்லும் அதற்கடுத்த சொல்லும் அதன் மேல் விழுந்து, பேராசிரியர் என்ன பேசினார் என்று யாருக்கும் விளங்கவில்லை. சரிசெய்யச் சொல்லி அந்த வேலையை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் தலையில் கட்டினார்கள். அவர் ஒலியியல் நிபுணரில்லை. முனைவர் பட்டம்கூடக் கிடையாது. என்ன செய்தார் தெரியுமா? நகரம் அடங்கிய நள்ளிரவுக்குப் பிறகு, சாண்டர்ஸ் அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துகொண்டு வந்தார். ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்தினார். ஒலி காதிலிருந்து மறையும் வரை நேரம் குறித்தார். மெத்தை கூடக் கூட ஒலி சீக்கிரம் அடங்கியது. விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். இப்படி இரவு இரவாக, சொந்தக் காதையே அளவுகருவியாக வைத்து அவர் கண்ட சூத்திரம்தான் இன்றும் உலகெங்கும் அரங்குகள் கட்ட உதவுகிறது. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் அவர் கணக்கில் எழுந்தது. மெத்தையும் காதும் பிடிவாதமும்! இதில் உன்னிடம் இல்லாதது எது?

அவர் சூத்திரத்தை உன் ஹாலுக்குப் போட்டுப் பார்ப்போம். அறையின் கன அளவைக் கன அடியில் எடு, 0.049ஆல் பெருக்கு, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகு. ஒலி அடங்க எத்தனை நொடி என்று வரும். 12 அடிக்கு 15 அடி, உயரம் 10 அடி என்றால் 1,800 கன அடி. நம் வீடுகளில் டைல்ஸ் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை. எதுவும் நூற்றில் இரண்டு மூன்று பங்குக்கு மேல் ஒலியைக் குடிக்காது. காலி அறையில் கணக்குப் போட்டால் ஒலி அடங்க மூன்று நொடிக்கு மேல் வருகிறது. இந்த அறையில் இரண்டு லட்சத்துக்கு ஸ்பீக்கர் வைத்தாலும் வசனம் கிணற்றுக்குள்ளிருந்துதான் வரும். பிறகு சன்னலுக்குக் கனமான திரைச்சீலை, மடிப்பு மடிப்பாக விழும்படி. தரையில் ஒரு கெட்டியான கம்பளம், இல்லையா, பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடு. துணி உறையிட்ட சோபா. ஒரு பக்கச் சுவரில் புத்தக அலமாரி. மறுபடி கணக்குப் போட்டால் ஒரு நொடிக்குக் கீழே இறங்குகிறது. எந்த ஷோரூமிலும் விற்காத 'அப்கிரேடு' இது. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுகிற யோசனையை மட்டும் யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடு. மெல்லிய அட்டை கொஞ்சம் கீச்சொலியைக் குறைக்கும். அறையை அதிர வைக்கிற கனத்த ஒலிக்கு அது இருப்பதே தெரியாது.

அந்தக் கனத்த ஒலி தனிக் கதை. 12 அடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே 47 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி மோதி மோதி நின்றுவிடும். ஒரு மூலையில் இடி, நடுவில் வெறுமை. கனத்த ஒலி தரும் சப்வூஃபர் பெட்டியை மோசம் என்று பலர் மாற்றுவது பெட்டியின் குற்றத்தால் இல்லை, இடத்தின் குற்றத்தால். இதற்கு மருந்து இலவசம். நீ உட்காரும் இடத்தில் சப்வூஃபரைத் தூக்கி வை. கனத்த தாளமுள்ள பாட்டைப் போடு. பிறகு சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து போய்க் கேள். எந்த இடத்தில் ஒலி கட்டாக, தெளிவாக இருக்கிறதோ அங்கே பெட்டியை வைத்துவிட்டு நீ சோபாவுக்குத் திரும்பு. வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! சினிமா ஒலிக்கு வேலை செய்கிறவர்களும் இப்படித் தவழ்ந்தவர்கள்தான்.

படத்துக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. அளவு நாடா ஒன்று போதும். திரையரங்க உணர்வு வர, திரை உன் பார்வையில் 30 முதல் 40 பாகை வரை விரிய வேண்டும் என்பது தொழில்வழக்கு. 55 அங்குல டிவி என்றால் ஐந்தரை அடியிலிருந்து ஏழு அடி சொச்சம் வரை உட்கார வேண்டும். நீ பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு 'படம் சின்னதாக இருக்கிறது' என்று 75 அங்குலத்துக்குக் கடன் தேடுகிறாய். சோபாவை முன்னே இழு. அதற்குத் தவணை கிடையாது. சரியான கண்பார்வை உள்ளவருக்கும் 55 அங்குலத்தில் ஏழடிக்கு அப்பால் 4கே படத்துக்கும் முழு எச்டி படத்துக்கும் புள்ளிக் கணக்கில் வேறுபாடு தெரிவது கடினம். அங்கே உட்கார்ந்திருப்பவனிடம் 8கே விற்க வந்தால், இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு எழுந்துவிடு. கடையில் டிவி கண்ணைப் பறிப்பது 'விவிட்' முறையில் ஓடுவதால். 'சினிமா' அல்லது 'ஃபிலிம் மேக்கர்' முறைக்கு மாற்றச் சொல்லி, பிறகு முகங்களின் நிறம் பார். அசைவை வழுக்கலாக்கும் வசதியையும் அணைக்கச் சொல். நொடிக்கு 24 சட்டமாக எடுத்த சினிமாவை அது மெகா சீரியலாக்கிவிடும். 2018இல் டாம் க்ரூஸே வீடியோ போட்டுக் கெஞ்சினார், அதை அணையுங்கள் என்று.

வசனம் கேட்கவில்லையென்று ரிமோட்டை ஏற்றி, சண்டை வந்ததும் பதறி இறக்கி, படம் முழுக்க வாட்ச்மேன் வேலை பார்க்கிறாயா? பெரும்பாலான வசனம் நடு ஸ்பீக்கரில்தான் வாழ்கிறது. 5.1 வாங்குகிறவர்கள் பக்கத்துக் கோபுரங்களைப் பார்த்து மயங்கி, நடுவில் இருப்பதைத் துணைப்பொருளாக நினைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் அநியாயம். முதலில் அதன் குரலைக் கேள். அதை அலமாரிக்குள் அடைக்காதே. முகம் உன் காதைப் பார்க்கும்படி சற்றே சாய்த்து வை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி ஆக வேண்டும் என்று எவன் சொன்னான்? ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் நல்ல ஏவி ரிசீவர் ஒன்று, நல்ல ஸ்பீக்கர் இரண்டு. இந்தத் தீபாவளிக்கு அதுவே போதும். அடுத்த போனஸுக்கு நடு ஸ்பீக்கர். பிறகு சப்வூஃபர். பின்பக்க ஸ்பீக்கர்கள் கடைசியில் வரட்டும். எட்டு ஸ்பீக்கர் கொண்ட மட்டமான பெட்டியைவிட இரண்டு நேர்மையான ஸ்பீக்கர்கள் உனக்கு அதிக சினிமா காட்டும். வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்க ஓனர் விடமாட்டார் என்றால் சவுண்ட்பார் வாங்கு, அதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் கூரையில் ஒலியை மோதவிட்டு மேலிருந்து வருவதாகக் காட்டும் அட்மாஸ் சவுண்ட்பாருக்குத் தட்டையான, அதிக உயரமில்லாத கூரை வேண்டும். ஓட்டு வீட்டுக்கு அதை விற்பவனிடம், "ஓட்டுச் சரிவில் மோதினால் ஒலி எங்கே போகும்?" என்று கேள். டிவியின் ஒலியை சவுண்ட்பாருக்கு அனுப்பும் ஈஆர்க் இணைப்பு இல்லாத பழைய டிவியில் அட்மாஸே வராது என்று பயமுறுத்தினால் அதையும் நம்பாதே. ஓடிடி தளங்கள் அனுப்பும் அட்மாஸ் பொதுவாக டால்பி டிஜிட்டல் ப்ளஸ் வடிவில் வருகிறது. டிவியும் பாரும் அந்த வடிவத்தை ஏற்றால் ஈஆர்க்குக்கு முந்தைய சாதாரண ஆர்க் இணைப்பிலேயே அது போகும். ப்ளூரே தட்டின் இழப்பில்லாத ஒலிக்குத்தான் ஈஆர்க் அவசியம்.

ஒயருக்கு வா. பில்லின் கடைசியில், நீ களைத்துப் போயிருக்கும்போது, மீட்டர் பல நூறு ரூபாய் என்று ஒரு ஸ்பீக்கர் ஒயரைச் சொருகுவார்கள். தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் பல இழைச் செம்பு ஒயர் ஒரு சாதாரண ஹாலுக்குப் போதும், தூரம் கூடினால் 2.5. அது செம்புதானா என்று பார்க்க ஒரு இழையை பிளேடால் சுரண்டு. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, திருப்பிக் கொடு. மிச்சமாகும் பணத்தில் மூன்று பின் சாக்கெட்டின் எர்த்தை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடு. ஸ்பீக்கரில் ஓயாமல் கேட்கிற 'ம்ம்ம்' என்ற இரைச்சலுக்குப் பல வீடுகளில் காரணம் எர்த் கோளாறுதான்.

எல்லாம் பொருத்தி முடித்ததும் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், அது நிச்சயம். சப்வூஃபருக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போடு. இரவு பத்துக்கு மேல் ரிசீவரில் நைட் மோடைப் போடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரையும் குடும்பத்தோடு மேலே கூப்பிட்டு உட்காரவை. படம் முடிந்ததும் "எவ்வளவு ஆச்சு தம்பி?" என்று அவர் கேட்பார். அவருக்கும் ஒரு ஹால் இருக்கிறது. பில்லை எடுத்துக் காட்டிவிட்டு, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவரோடு கீழே இறங்கு.